மாச வாடகைக்கு ஒரு வீடு குடுங்க: ராமேஸ்வரம் தீவுல வீடும் லாட்ஜும் வச்சிருக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம், வேதாளை, உச்சிப்புளி வரைக்கும் வீடு கட்டி வச்சிருக்குற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், லாட்ஜ் ஹோட்டல் நடத்துற முதலாளிமாருக்கும், நகராட்சியில இருக்குற அய்யா அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கே வந்துர்றேன். எங்களுக்கு மாச வாடகைக்கு ஒரு வீடு வேணும், எனக்கு ஒரு வேலை வேணும். ஒவ்வொரு தெருவா போய்க் கேட்டுப் பாத்தாச்சு. இப்ப எல்லாருக்கும் சேத்து எழுதுறேன், ஏன்னா இது எங்க ரெண்டு பேரோட பாடு மட்டும் இல்லன்னு இங்க வந்தப்புறம்தான் தெரியுது. பஸ்ல பக்கத்துல உக்காந்து வர்ற நர்ஸ் அக்கா, மெஸ்ல பரிமாறுற தம்பி, ஸ்கூல் டீச்சர்னு யாரக் கேட்டாலும் ராம்நாட்ல இருந்து வர்றேன், உச்சிப்புளில இருந்து வர்றேன், தீவுல வீடு கெடைக்கலன்னுதான் சொல்றாங்க. ராம்நாட்ல இருந்து வர்றதுன்னா போக ஒரு 55 கிலோமீட்டர், திரும்பி வர ஒரு 55 கிலோமீட்டர், வேலை பாத்த அலுப்போட அதையும் தாங்கணும்.

நான் அருப்புக்கோட்டை பக்கம், எங்க வீட்டுக்காரர் வேடசந்தூர் பக்கம். திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாத்தப்ப பழகி, கல்யாணம் பண்ணி, ரிஜிஸ்டர் பண்ணி சர்டிபிகேட்டும் கையில வச்சிருக்கோம். நான் முதல்ல செக்கிங் செக்‌ஷன்ல இருந்தேன், பிகாம் படிச்சிருக்கேன்னு அப்புறம் கணக்குக்கு மாத்துனாங்க. அவரு ஏசி மெக்கானிக். எனக்கு அந்த பஞ்சு தூசில மூச்சு வாங்க ஆரம்பிச்சு, இந்த வேலைய விட்டு வெளிய வந்துரும்மான்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்த நேரத்துல இவரு ஒரு கான்ட்ராக்டர் கூட ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுக்கு ஏசி மாட்ட வந்தாரு, வந்தவரு என்கிட்ட போன்ல சொன்னது, இங்க என் தொழிலுக்கு வருசம் பூரா வேலை இருக்கும்மா, உப்புக் காத்துல அவுட்டோர் யூனிட்டோட காயிலு அரிச்சு அரிச்சு கேஸ் லீக் ஆகுது, மத்த ஊர்ல பல வருசம் ஓடுற மிசின் இங்க அதுக்கு முன்னாடியே படுத்துருது, பாக்குறதுக்குத்தான் ஆளு பத்தலன்னு. எனக்கு கடல்னா சின்ன வயசுல இருந்தே உசுரு. சரி வந்துருவோம்னு வந்துட்டோம். இப்போதைக்கு மண்டபத்துல தெரிஞ்சவங்க வீட்டு மாடியில ஒத்த ரூம்ல இருக்கோம், அவங்க பொண்ணு பிரசவத்துக்கு வரப் போகுது, அதுக்குள்ள நாங்க எடம் மாறியாகணும்.

வீடு கேட்டுப் போனா முதல் கேள்வி, எங்க வேலை பாக்குறீங்க. அவரு வேலைய சொன்னா, அது டெய்லி கூலி மாதிரிதானே, மாசா மாசம் வாடகை எப்படிம்மா வரும், நீங்க ஒரு எடத்துல சேந்துட்டு வாங்கன்னு அனுப்பிர்றாங்க. வேலை கேட்டுப் போனா முதல் கேள்வி, எங்க தங்கியிருக்கீங்க. மண்டபம்னு சொன்னா, நைட் பத்து மணிக்கு மேல எப்படிம்மா பாலம் தாண்டி போவீங்க, இங்கயே வீடு பாத்துட்டு வாங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பக்கமும் கேக்குறது ஞாயம்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா யாராவது ஒருத்தர் முதல்ல நம்பிக் கதவத் தொறந்தாத்தானே இன்னொன்னு தானா அமையும்?

அதுக்கடுத்த கேள்விக எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, சொல்லித்தான் ஆகணும். நீங்க எந்த ஆளுகன்னு கேக்குறாங்க. நானும் அவரும் வேற வேற சாதி. அத மறைக்கல, ஆனா எந்த சாதின்னு சொல்லி வீடு வாங்குறது இல்லன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். அதனால பாத்த வீடு, புடிச்ச வீடு, அட்வான்ஸ் வரைக்கும் பேசுன வீடெல்லாம் கைய விட்டுப் போச்சு. இது கலாம் அய்யா பிறந்த ஊரு. பள்ளிவாசல் தெருவுல இருந்த அவரோட அத்தாவும் கோயில் பெரிய குருக்கள் லட்சுமண சாஸ்திரிகளும் அவ்வளவு சிநேகமா இருந்தாங்கன்னு ஊரே பெருமையா சொல்லுது, பேய்க்கரும்புல அவரு நினைவிடத்துக்கு நித்தமும் கூட்டம் வருது. அந்த ஊர்ல வாடகை குடுக்க வந்தவங்ககிட்ட சாதி கேக்காதீங்கன்னு கேட்டுக்குறேன். ஆதார் கேளுங்க, முன்னாடி இருந்த வீட்டு ஓனர் நம்பர் கேளுங்க, போலீஸ் ஸ்டேசன்ல விசாரிச்சுக்கங்க, எல்லாத்துக்கும் நாங்க தயார்.

இந்தக் கரைக்கு வெளியூர்க்காரங்க ஒன்னும் புதுசில்ல. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சு, அரசாங்கமே அது குடியிருக்க லாயக்கில்லாத ஊருன்னு சொன்னப்ப, பொழச்சு வந்த சனங்க இந்தத் தீவுலதான் ஒதுங்குனாங்க. அப்புறம் 1983-ல இருந்து இலங்கையில இருந்து வந்தவங்கள எல்லாம் மண்டபம் முகாம் பாத்திருக்கு, 2022-ல அங்க பொருளாதாரம் விழுந்தப்ப பிள்ளை குட்டியோட கடல் தாண்டி வந்து எறங்குனவங்களயும் பாத்திருக்கு. அவங்க பட்ட கஷ்டத்துக்குப் பக்கத்துல எங்க கஷ்டத்த வைக்க மாட்டேன், நாங்க பஸ் ஏறி வந்தவங்க. வந்தவங்கள வாழவச்சுப் பழகுன ஊருங்குற தைரியத்துலதான் கேக்குறேன்.

இப்ப வீட்டு ஓனர்ககிட்ட கொஞ்சம் கணக்கு பேசணும், நான் கணக்கு வேலை பாத்தவ, அதனால சொல்றேன். நீங்க ஏன் மாச வாடகைக்கு விடறதில்லன்னு எனக்குப் புரியாம இல்ல. பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில் நின்னு, வண்டியெல்லாம் அக்கரையோட திரும்புன காலத்துல இங்க யாவாரம் எப்படி அடிவாங்குச்சுன்னு கடைக்காரங்க சொல்லிக் கேட்டிருக்கேன். 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறந்து ரயில் திரும்ப ஊருக்குள்ள வர ஆரம்பிச்சதுல எல்லாரும் மூச்சு விட்டிருக்காங்க, விட்டதப் புடிக்கணும்னு கீழ் வீட்டயும் மாடி வீட்டயும் ரூம் ரூமாத் தடுத்து, ஏசி மாட்டி, காட்டேஜ்னும் ஹோம் ஸ்டேன்னும் போர்டு வச்சுட்டாங்க. அந்த ஏசிய மாட்டுற வேலையத்தான் எங்க வீட்டுக்காரரே பாக்குறாரு, அதனால எத்தன குடும்பம் இருந்த வீடு ரூமா மாறுதுன்னு எங்களுக்கு நேராவே தெரியுது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசைக்கு ஒரு ரூமு ஒரு ராத்திரிக்கு வாங்குற காசப் பாத்தா மாச வாடகை என்னடா வாடகைன்னுதான் தோணும்.

ஆனா வருசம் பூரா அமாவாசை இல்லையே. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டா ரூம் புக் பண்ணவன்கூட கேன்சல் பண்றான். அந்த நாள்ல பூட்டிக் கெடக்குற ரூம இந்த உப்புக் காத்து சும்மா விடுறதில்ல. தாப்பாள் துரு ஏறுது, சுவிட்ச் போர்டுக்குள்ள பச்சை பூக்குது, ஸ்லாப்புல கம்பி ஊதி சிமெண்டு பெயந்து விழுது. எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, ஆளு பொழங்குற வீட்டு மிசின்ல கோளாறு இருந்தா தண்ணி சொட்டுற அன்னைக்கே போன் வரும், பூட்டுன ரூம்ல இருந்தா மொத்தமா போனப்புறம்தான் தெரியும்னு. குடும்பம் இருந்தா ஜன்னல் தொறக்கும், தொடைப்பாங்க, ஒழுகுற குழாயச் சொல்லுவாங்க.

தண்ணி இன்னொன்னு. கடல் சூழ்ந்த தீவு இது. மணலுக்கு அடியில ஊறி நிக்கிற நல்ல தண்ணி அளவா எடுத்தாத்தான் நல்ல தண்ணி, மோட்டார் போட்டு உறிஞ்சிக்கிட்டே இருந்தா உப்பு ஏறிரும்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. அக்னி தீர்த்தத்துல முங்கி, உள்ள போய் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்தோட ரூமுக்கு வர்றவங்க திரும்ப ஒருவாட்டி குளிச்சுத் துணியும் அலசிட்டுத்தான் கெளம்புவாங்க, அவங்க அலைஞ்சு வந்தவங்க, அவங்க மேல தப்பே இல்ல. ஆனா நாளுக்கு ஒரு குடும்பம் மாறுற ரூம்ல செலவாகுற தண்ணியையும், காவிரித் தண்ணி வர்ற நேரம் பாத்து கொடம் புடிச்சு வச்சுப் பொழங்குற ஒரு குடும்பத்தோட தண்ணியையும் நீங்களே யோசிச்சுப் பாருங்க.

எல்லா ரூமயும் மாத்துங்கன்னு கேக்கல, அது உங்க பொழப்பு. நாலு ரூம் இருக்குற எடத்துல ஒன்ன மட்டும் மாச வாடகைக்கு ஒதுக்கி வைங்க. எங்களால 7,000 வரைக்கும் குடுக்க முடியும், ஒரு ரூமு, ஒரு அடுப்படி, பாத்ரூம் போதும், மாடியா இருந்தாலும் ஓட்டு வீடா இருந்தாலும் சரி. சில பேரு ஒத்திக்குன்னா தர்றோம்னு லட்சக்கணக்குல கேக்குறாங்க. அவ்வளவு காசு ஒரே கையில இருந்தா நாங்க ஏன் வேலை தேடி அலையப் போறோம்?

சட்டத்தையும் சொல்லிர்றேன், மெரட்டுறதுக்காக இல்ல, ரெண்டு பேருக்கும் பாதுகாப்புன்னுதான். தமிழ்நாட்டுல 2017-ல போட்டு 2019 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்குற வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், அரசுகிட்ட பதியணும். வேற மாதிரி பேசி எழுதிக்கலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. காலம் முடிஞ்சா எங்கள எப்படிக் காலி பண்ண வைக்கிறதுன்னு உங்களுக்கு வழி இருக்கு, நடுவுல கரண்ட கட் பண்ணக் கூடாதுன்னு எங்களுக்கும் பாதுகாப்பு இருக்கு. குடியேறுனவன் வீட்டையே புடிச்சுக்குவான்னு பயந்து பூட்டி வச்சிருக்குற பெரியவங்க ரெண்டு பேர்கிட்ட நான் பேசுனேன், அவங்க பிள்ளைக வெளிநாட்டுல இருக்காங்க, அந்தப் பயத்துக்கு மருந்தே பதிஞ்ச ஒப்பந்தம்தான். கரண்டுக்கு மட்டும் ஒரு வேண்டுதல். அரசு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் வீட்டுக்கு இலவசமாத் தருது, நீங்க சப் மீட்டர் வச்சு முதல் யூனிட்ல இருந்தே ஒரு ரேட்டு போடாம, தனி மீட்டர் இருக்குற போர்ஷனா குடுங்க.

அடுத்து லாட்ஜ், ஹோட்டல் முதலாளிமாருக்கு. நீங்க ஆள் கேட்டு ஒட்டுற நோட்டீசுல தங்குமிடம் சாப்பாடு இலவசம்னு போட்டிருக்கும், போய்ப் பாத்தா மாடிப்படிக்குக் கீழயோ மொட்டை மாடி ஷெட்லயோ ஆம்பளப் பசங்க நாலஞ்சு பேரு படுக்குற எடம். கல்யாணம் ஆனவங்க அதுல எப்படி இருக்க முடியும்? ஆறு மாசத்துல ஆளு ஓடிர்றான்னு சொல்றீங்க, ஓடாம என்ன செய்வாங்க, அவனுக்குன்னு ஒரு கதவு இல்லாத ஊர்ல எத்தன நாள் இருப்பான். நீங்க ஒரு வீட்ட மாச வாடகைக்கு எடுத்து வேலை பாக்குற குடும்பத்துக்குக் குடுத்து சம்பளத்துல புடிச்சுக்கங்களேன். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஊருக்குள்ள வேலை இருந்தா அவ்வளவு சீக்கிரம் யாரும் மூட்டை கட்ட மாட்டாங்க.

என்னப் பத்தியும் சொல்லிக்கிறேன். டேலி தெரியும், ஜிஎஸ்டி பில் போடத் தெரியும். திருப்பூர்ல லைன்ல பீகார் ஒடிசா புள்ளைக கூட வேலை பாத்துப் பேசிப் பழகுன இந்தி இருக்கு, இலக்கணம் சுத்தமா இருக்காது, ஆனா வடக்க இருந்து வர்ற ஒரு குடும்பத்துக்கு ரூமு எது, தீர்த்தம் ஆட எப்ப போகணும், தனுஷ்கோடிக்கு வண்டி எங்க நிக்கும்னு பொறுமையாச் சொல்ல முடியும். ரிசப்ஷன்ல பொம்பளைங்கள வைக்கிறது இல்லன்னு ஒரு எடத்துல முகத்துக்கு நேரா சொன்னாங்க. ஏங்க அப்படி? தனியா வர்ற வயசான அம்மாக்க, கைக்குழந்தையோட வர்ற பொண்ணுக ரிசப்ஷன்ல ஒரு பொம்பளையப் பாத்தா எவ்வளவு நிம்மதியா கேட்க வேண்டியத கேப்பாங்க. பகல் ஷிப்டு குடுங்க, சம்பளத்த சீட்டு போட்டுக் குடுங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடம்னா இஎஸ்ஐ புடிங்க, 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு அது உண்டு. திருப்பூர்ல எனக்கு மூச்சுத்தெணறல் வந்தப்ப இஎஸ்ஐ இருந்ததாலதான் கையக் கடிக்காம வைத்தியம் பாத்தேன், அதோட அருமை பட்டவங்களுக்குத் தெரியும்.

வெளியூர்க்காரங்க வந்து எங்க புள்ளைக வேலைய எடுத்துக்குவாங்கன்னு ஒரு அண்ணே வருத்தமாவே கேட்டாரு. அவரு வலைக்காரரு. அந்த வருத்தத்த நான் தள்ளிவிட மாட்டேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, தடை முடிஞ்சு போனா வடகடல்ல சிலோன் நேவி புடிச்சுட்டுப் போயிருமோன்னு வீட்ல பொம்பளைங்க கண்ணு மூடுறதில்ல, புடிபட்ட படகு திரும்பி வர்றதும் கஷ்டம். கடல் பாசி எடுக்குற அக்காமாரு மன்னார் வளைகுடாவுல இருக்குற சின்னத் தீவுகப் பக்கம் போனா தேசியப் பூங்கான்னு தடை. அவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலைல முதல் எடம் குடுங்க, நான் அதுக்குப் பின்னாடி நிக்கிறேன். ஆனா வீட்டு விசயத்துல அவங்களும் நாங்களும் ஒரே வரிசைலதான் நிக்கிறோம். கல்யாணம் முடிச்சு தனிக்குடித்தனம் போக அவரு மகனுக்கே சொந்த ஊர்ல வாடகை வீடு கெடைக்காம பொண்டாட்டிய மாமியா வீட்ல விட்டு வச்சிருக்கானாம், அவரே சொன்னாரு. ஊர்ல பிறந்தவனுக்கே இல்லன்னா இத சும்மா விடக் கூடாது.

அதனாலதான் நகராட்சிய கேக்குறேன். நாள் வாடகைக்கு விடுற கட்டடம் எது, குடும்பம் இருக்குற வீடு எதுன்னு தெருத் தெருவா எடுத்து ஒரு பதிவு வைங்க. வீட்டு வரியும் வீட்டு கரண்டு கனெக்‌ஷனும் வச்சுக்கிட்டு லாட்ஜ் நடத்துறவங்களுக்கு வணிக ரேட்டு போடுங்க, மாச வாடகைக்கு விடுறவங்களுக்கு வரியில ஏதாவது தள்ளுபடி முடியுமான்னு மன்றத்துல பேசுங்க. 2020-ல மத்திய அரசு நகரத்துக்கு வேலை தேடி வர்றவங்களுக்காக கம்மி வாடகை வீட்டுத் திட்டம் ஒன்னு கொண்டு வந்துச்சு, இப்ப இருக்குற பிரதமர் வீட்டுத் திட்டத்துலயும் அந்த வாடகை வீட்டுப் பிரிவு இருக்கு, கோயில் ஊருக்கு அதுல ஒரு கட்டடம் கேட்டு எழுதுங்க. கரையோரம் கட்ட விதி விடாதுன்னா மண்டபம், உச்சிப்புளி பக்கம் கட்டுங்க, ஆனா அப்பக் கட்டாயமா ராத்திரி ஹோட்டல் சாத்துற நேரத்துக்கு ராமேஸ்வரத்துல இருந்து உச்சிப்புளி வரைக்கும் ஒரு பஸ் வேணும். இன்னைக்கு ராத்திரி ஷிப்டு முடிச்ச பிள்ளைக பஸ் ஸ்டாண்ட்ல ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேரட்டும்னு நிக்கிறத எங்க வீட்டுக்காரர் அடிக்கடி பாக்குறாரு, சில நாள் அவரும் அதுல ஒருத்தர். வீடு கட்ட வருசம் ஆகும், பஸ்ஸ அடுத்த மாசமே விடலாம், போக்குவரத்துக் கழகத்துகிட்ட நகராட்சி கேட்டா மதிப்பு இருக்கும்.

எங்களுக்குத் தங்கச்சிமடமோ பாம்பனோ முதல் ஆசை, அவரு டூல்ஸ் பையத் தூக்கிட்டு ரெண்டு பக்கமும் போக வசதி. கருவாடு காயப்போடுற தெருவா இருந்தாலும் சரி, கடல் தெரியணும்னு எல்லாம் இல்ல. அவருக்கு பொதுவா செவ்வாய்க்கிழமை வேலை கம்மியா இருக்கும், போர்ஷன் காலியா இருக்குறவங்க பாம்பன் பஸ் ஸ்டாப்புல இருக்குற டீக்கடைல சொல்லி விட்டாப் போதும், கடைக்கார அண்ணே எங்களுக்குச் சொல்லிருவாரு, அன்னைக்கு சாயங்காலமே ரெண்டு பேரும் சர்டிபிகேட், ஆதார், ஒரு மாச அட்வான்ஸோட வந்து நிப்போம்.